நாளொன்றுக்கு நூற்றைம்பது லிட்டர்

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் கவ்வியபடியே தம்பி, அக்கா கேஸ் கலக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தான். தோளில் ரப்பர் உடுப்பு தொங்கியது. கையில் ஒற்றைச் செருப்பு. மற்றதைப் பத்து நிமிடமாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான்.

“அக்கா, சிலிண்டர்ல நீயே எழுதி ஒட்டிடு. வாத்தியார் ஹாரன் அடிச்சே தெருவை எழுப்பிடுவாரு.”

“டெஸ்ட் பண்ணாமயா? உன் கை என்ன அடகுலயா இருக்கு?”

“கலந்தது நீ. உன்னையே நம்பலன்னா வேற யாரை நம்பறது?” நுரையோடு சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆழத்தில் முக்குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டரை யார் நிரப்பினாலும் சரி, அந்தக் காற்றை மூச்சாக இழுக்கப்போகிறவர்தான் அதை, கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் அனலைசரில் வைத்துச் சோதிக்க வேண்டும். சோதித்து, சிலிண்டரின் கழுத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ஆக்ஸிஜன் இவ்வளவு, ஹீலியம் இவ்வளவு, இத்தனை மீட்டர், இந்தத் தேதி என்று தன் கைப்பட எழுத வேண்டும். கீழே கையெழுத்து. பெற்ற தாயே நிரப்பித் தந்தாலும் இதில் விலக்கில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் கேஸ் கலந்தவள் அவள். டேப் இல்லாமல் சிலிண்டரைத் தூக்கியவர்களை வாசல்வரை துரத்திப்போய்த் திட்டியவள். அன்று அவளே டேப்பைக் கிழித்து ஒட்டினாள், அவளே எழுதினாள். தம்பி கையெழுத்துப் போடுவதில்லை, ஒரு தவளை வரைவான். நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவன் என்பதால் தெரிந்தவர் எல்லோருக்கும் அவன் தவளைதான். அந்தத் தவளையையும் அவளே வரைந்தாள். அச்சு அசலாக வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஹீலியம் என்று எழுதிய இடத்தில் முப்பது சதவீதம் என்று போட்டிருந்தாள். ஐம்பத்தைந்து இருந்திருக்க வேண்டும்.

ஆழம் போகப்போக நாம் மூச்சுவிடுகிற இந்தச் சாதாரணக் காற்றே சாராயம்போலத் தலைக்கேறும். ஹீலியம் ஏறாது. அதனால் அதைக் கலந்துகொண்டு இறங்குவார்கள். பலூனில் அடைத்தால் வேடிக்கை, சிலிண்டரில் அடைத்தால் வீட்டு வாடகை. ஒருமுறை தொண்ணூறு மீட்டர் போய்வர ஆகும் ஹீலியத்தின் விலையில் ஒரு மாதம் குடும்பம் நடத்தலாம். தம்பி ஏற்கெனவே மூன்று வருடப் பயிற்சியிலும் கருவிகளிலும் கையில் இருந்ததையெல்லாம் கரைத்திருந்தான். இந்த வேலையில் எதையும் ஒன்றாக வாங்க முடியாது. ரெகுலேட்டர் இரண்டு, கணினி இரண்டு, கத்தி இரண்டு, முகக்கண்ணாடி இரண்டு. “ரெண்டாவது உயிர்தான் எந்தக் கடையிலயும் கிடைக்கல” என்பார், தம்பிக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்து இப்போது அவனோடு இறங்குகிற வாத்தியார். அதனால் கலவையில் நாற்பது போதும் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். நிரப்பும்போது பெரிய ஹீலியம் சிலிண்டர் பாதியில் தீர்ந்துபோய், கலவை முப்பதில் நின்றுவிட்டது. சோதிக்கும்போது பார்த்துவிடுவான், வேண்டாமென்றால் சொல்லட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவன் சோதிக்கவில்லை. எழுதியதைப் படிக்கவுமில்லை. அவளும் மறுபடி வாய் திறக்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

மாலையில் வாத்தியார் மட்டும் வந்தார்.

நீர் நிறைந்த அந்தக் கல்குவாரியின் அடியிலிருந்து அவர் மேலே வர மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆழத்திலிருந்து நேராக மேலே வந்தால் ரத்தம் சோடாவாகிவிடும். படிப்படியாக நின்று நின்றுதான் வர வேண்டும். தம்பி வரமாட்டான் என்று தெரிந்த பிறகும், ஆறு மீட்டரில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சும்மா தொங்கியிருக்கிறார். முகக்கண்ணாடியின் தழும்பு அவர் முகத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தது. மீசை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“உட்கார்ந்துட்டான்மா” என்றார். “தொண்ணூறுல ஒரு பாறை விளிம்பு இருக்கு. பஸ்சுக்குக் காத்திருக்கற மாதிரி அதுல உட்கார்ந்துட்டான். இழுத்தேன். கையைத் தட்டிவிட்டுட்டு, நீங்க போங்கன்னு சைகை காட்டறான். சிரிச்ச முகம். என்கிட்ட கேஸ் இல்ல. பதினாலாவது நிமிஷம் விட்டுட்டு வந்தேன்.”

தேடப் போக ஆளில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு ஆழம் இறங்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். போலீஸ் காகிதத்தில் ‘உடல் கிடைக்கவில்லை’ என்று எழுதிக் குவாரியைப் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை, துக்கம் கேட்க வந்தவர்களின் பேச்சிலிருந்து தப்பிக்க அவள் கேஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரப்பர் வாசனையும் கம்ப்ரஸர் எண்ணெய் வாசனையும் கலந்த அந்தச் சின்ன அறை எப்போதும்போலக் குளிர்ச்சியாக இருந்தது. சுவரோரத்தில் தம்பியின் இன்னொரு செட் நின்றது. மறுநாளும் முக்குளிப்பு இருந்ததால், இரண்டு செட்டையும் ஒரே குழாயில், ஒரே கலவையில், ஒரே நேரத்தில் நிரப்பியிருந்தாள். முதுகில் சுமக்கும் இரட்டைச் சிலிண்டர், மேலே ஏறும்போது பாதி வழியில் மாற்றிக்கொள்ள ஒரு சிறிய சிலிண்டர், கடைசி ஆறு மீட்டருக்கு ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர். நிரப்பியபோது இரட்டைச் சிலிண்டரின் அழுத்த மீட்டர் இருநூற்று இருபதில் நின்றது. இப்போது இருநூற்று இரண்டு.

கசிவு என்று நினைத்தாள். சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. ரப்பர் வளையங்களை மாற்றினாள். மறுநாள் காலை நூற்றுத் தொண்ணூற்றாறு. சிலிண்டரை அப்படியே தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, முழங்கை மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது. மறுநாள் நூற்றுத் தொண்ணூறு. காற்று எங்கும் வெளியேறவில்லை. குறைந்துகொண்டு மட்டும் இருந்தது.

ஏழாம் நாள் காகிதத்தை எடுத்து, மீட்டர் ஆறு புள்ளி இறங்கினால் எத்தனை லிட்டர் காற்று என்று கணக்குப் போட்டாள். நாளொன்றுக்கு நூற்றைம்பது லிட்டர். அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. யார் இறங்கினாலும் திட்டத்தின் பிரதி ஒன்று மேலே இருப்பவரிடம் இருக்கும். மேசை இழுப்பறையைத் திறந்து தம்பியின் திட்டத்தை எடுத்தாள். மேலே இருக்கும்போது அவன் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் இழுப்பான். தொண்ணூறு மீட்டரில் ஒரு மூச்சு பத்து மூச்சுக்குச் சமம். அவன் கோணல் கையெழுத்தில் அங்கே எழுதியிருந்தது: அடியில், நிமிடத்துக்கு நூற்றைம்பது.

இங்கே ஒரு நாள். அங்கே ஒரு நிமிடம்.

அவள் காகிதத்தைக் கசக்கிப் போட்டாள். பைத்தியம் பிடிக்கிறது என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு குனிந்து அதை எடுத்து, மேசைமேல் வைத்து நீவி நீவி மடிப்பெடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்ப்பது அவள் வேலையாயிற்று. திட்டப்படி பன்னிரண்டாவது நிமிடம் அவன் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பினால் ஆழம் குறையும், ஆழம் குறைந்தால் இழுக்கும் அளவும் குறையும். குறையவில்லை. ஆறு, ஆறு, ஆறு என்று ஒவ்வொரு நாளும் அதே அளவு இறங்கியது. அவன் இன்னும் அந்தப் பாறையில்தான் உட்கார்ந்திருந்தான். இருட்டில், சிரித்த முகமாக, பஸ்சுக்குக் காத்துக்கொண்டு. ஏன் எழுந்து வரவில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது என்று எழுதியது அவள் கை.

பத்தொன்பதாம் நாள் மீட்டர் நூற்றுப் பத்துக்குக் கீழே போனது. கேஸ்காரருக்கு ஃபோன் போட்டாள்.

“ஹீலியம் ரெண்டு பெரிய சிலிண்டர் வேணும். நாளைக்கே.”

“என்னம்மா, இந்த நேரத்துல... அந்த வேலையெல்லாம் நிறுத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே. விலை தெரியுமில்ல? போன மாசத்தைவிட ஒண்ணரை மடங்கு. பலூன் கடை ஏதாச்சும் ஆரம்பிக்கறீங்களா?”

“ஆமா. கொண்டாங்க.”

பழைய கம்ப்ரஸரை விற்றாள். மறுநாள் மதியம், அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருந்த கலவையின் மேலேயே மூச்சுக்கு வேண்டிய அளவு ஆக்ஸிஜனும் மீதி முழுக்க ஹீலியமுமாக ஏற்றினாள். குழாய் சீறியது. வேகமாக ஏற்றினால் சூடாகும் என்று, குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல வால்வை இம்மியிம்மியாகத் திறந்தாள். அனலைசரில் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தேழு. மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள்.

முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் காலை, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தரை.

நான்காம் நாள் ஐந்து.

தலை தெளிந்துவிட்டது அவனுக்கு. எழுந்துவிட்டான். அவள் தரையில் உட்கார்ந்து, சிலிண்டரின் குளிர்ந்த இரும்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து, இத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். “ஏறுடா” என்றாள். “மெதுவா ஏறு. அவசரப்படாத. நான் இருக்கேன்.”

அடியில் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டவன் மேலே வரவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கணினியில் புதிய திட்டம் போட்டாள். இருநூற்று அறுபது நிமிடம் என்று வந்தது. இருநூற்று அறுபது நாள். நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று தெரியும். கொண்டுபோய் விட்டால் சிலிண்டரை யார் நிரப்புவது?

அந்த மாதங்களில் அவள் கிட்டத்தட்ட சந்தோஷமாகத்தான் இருந்தாள். திட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நின்றான், ஏற வேண்டிய நாளில் ஏறினான். ஒருநாள் காலை இரட்டைச் சிலிண்டரின் முள் அசையவே இல்லை. மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் பக்கத்தில் நின்ற சிறிய சிலிண்டரின் மீட்டர் கண்ணில் பட்டது. நாலு புள்ளி இறங்கியிருந்தது. பாதி வழிக்கு வந்து சிலிண்டர் மாற்றியிருக்கிறான். “சொல்லிட்டு மாத்தக்கூடாதா எருமை” என்று திட்டினாள். பிறகு ஆறு மீட்டர் வந்தது. வாத்தியார் தொங்கிய அதே இடம். மாற்ற வேண்டிய நாளில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாறினான். இனி நூற்றுப்பத்து நாள் அங்கேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு மீட்டர் என்பது இரண்டு மாடி உயரம். வெயில் தெரியும் ஆழம்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் சின்னது என்பதால் அதன் முள்ளில் அவன் மூச்சே தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, முள் இலேசாக ஒரு துடிப்பு துடித்து, மயிரிழை அளவு இறங்கும். அது ஒரு மூச்சு. நாளொன்றுக்குப் பதினாறு. அவள் அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டாள். ஒரு துடிப்புக்குள் சமையல், அடுத்த துடிப்புக்குள் துணி. மதியங்களில் முக்காலியை இழுத்துப் போட்டு அந்த முள்ளின் எதிரே உட்கார்ந்து, அவன் மூச்சு விடும்போது தானும் ஒரு மூச்சு விடுவாள்.

ஒரு மதியம் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் முள் இறங்கியது.

துடிக்கவில்லை. இறங்கியது. யாரோ விரலால் அழுத்திக் கீழே தள்ளுவதுபோல, மெல்ல, நீளமாக, நிற்காமல். தம்பியின் நாலு மூச்சு சேர்ந்த அளவுக்கு இறங்கி நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பியின் துடிப்பு வழக்கம்போல வந்தது. ஆறு மணி நேரம் கழித்து, அந்த நீளமான இழுப்பு மறுபடி வந்தது.

மறுநாள் காலை மீட்டர் மூன்றரைக்குப் பதில் ஏழு இறங்கியிருந்தது.

அதற்கு மறுநாளும் ஏழு.

அவள் வாத்தியாரைத் தேடிப் போனாள். அவர் ஆழத்தையே விட்டுவிட்டு, நகரத்தின் மறுகோடியில் ஒரு நீச்சல்குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீர். குளோரின் வாசனை. மதிய இடைவேளையில் காலைத் தண்ணீரில் தொங்கவிடாமல் மடித்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க” என்றாள். “கீழ நீங்க அவனை விட்டுட்டு வந்தப்போ, அவன்கூட யாராச்சும் இருந்தாங்களா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போலீஸ்ல சொல்லல” என்றார் கடைசியில். “சொன்னா சிரிப்பாங்க. மேல ஏற ஆரம்பிச்சதும் ஒரு தடவை கீழ திரும்பிப் பார்த்தேன். அவன் விளக்கு தெரிஞ்சுது. அவன் பக்கத்துல இன்னொரு வெளிச்சம். விளக்கு மாதிரி இல்ல. மங்கலா, அசையாம. என் விளக்கோன்னு என் கையைப் பார்த்தேன், அது என் கையில இருக்கு. மூணும்மா. நான் எண்ணினேன். ரெண்டு பேர் இறங்கின தண்ணியில மூணு வெளிச்சம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? என் கேஸ்ல ஹீலியம் கம்மி, தலைக்கேறிடுச்சுன்னு நினைச்சேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கறேன். அப்படி நினைச்சாத்தான் தூக்கம் வருது.” அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா திடீர்னு?”

“ஒண்ணுமில்ல.”

“ஏதாவதுன்னா சொல்லு.”

“அவன் மூச்சு வேகமா விடுவான்னு திட்டுவீங்களே, எவ்வளவு மெதுவா விடலாம் ஒரு ஆளு?”

“நல்லாப் பழகினவன்னா நிமிஷத்துக்கு ஆறு, ஏழு. அதுக்குக் கீழ மீனுதான்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து முள்ளின் எதிரே உட்கார்ந்தாள். நீளமான இழுப்பு ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணினாள். விடியலில் ஒன்று, உச்சியில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று, நடுநிசியில் ஒன்று. நான்கு.

ஒரே சிலிண்டரில் இரண்டு பேர். முக்குளிக்கிறவர்களின் முதல் பாடமே அதுதான். கூட வருகிறவருக்குக் காற்று இல்லையென்றால் உன் வாயிலிருப்பதைக் கொடு. தம்பி கொடுத்திருப்பான். எதிரே நிற்பது யார், என்ன என்றெல்லாம் கேட்டிருக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கையிலிருப்பதைப் பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேரையே கேட்பான். அதனால் அவளும் கொடுத்தாள். ஆக்ஸிஜன் மலிவு. முன்பைவிட இருமடங்கு ஏற்றினாள். வால்வை மூடினால் அது சாகும். அவனும் சாவான்.

வட்டம் போட்ட தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கையில், தம்பியின் துடிப்பு மெலியத் தொடங்கியது.

பதினாறாக இருந்தது பன்னிரண்டாயிற்று. பிறகு ஒன்பது. முள்ளை நெருங்கி, தன் மூச்சில் கண்ணாடி மங்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். துடிப்பா, கண்ணின் நடுக்கமா என்று பிரித்தறிய முடியாத அளவுக்குச் சன்னமாக ஒரு அசைவு. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தாள். சோறு வடிக்கவில்லை. விளக்கு போடவில்லை. அறை இருட்டி, ஜன்னல் வெளுத்து, மறுபடி வெயில் ஏறியது.

வரவில்லை.

நீளமான இழுப்பு மட்டும் வந்தது. உச்சியில். சாயங்காலம். நடுநிசியில். விடியலில். நிதானமாக. முன்பைவிட ஆழமாக.

அவள் எழுந்துபோய் வால்வின் குமிழைப் பிடித்தாள். மூன்று சுற்று. அவ்வளவுதான், மூன்று சுற்றில் மூடிவிடும். இரும்பு கையில் சூடேறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. யார் கண்டது, இது தம்பியாகவே இருக்கலாம். இரண்டாவது ஆள் போய்விட்டு இவன் மட்டும் மிஞ்சியிருக்கலாம். இத்தனை மாதம் தண்ணீரில் நின்றவன், கடைசியில் வாத்தியார் சொன்னபடி மெதுவாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளக்கூடாதா? எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். அவன் மட்டும் கூடாதா?

கையை எடுத்தாள். சிலிண்டரை நிரப்பினாள்.

வட்டம் போட்ட நாள் வந்தது. வீட்டைக் கூட்டித் துடைத்தாள். தம்பியின் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தாள். உலர்ந்த துண்டு இரண்டு. பிளாஸ்க்கில் சுடச்சுட டீ, அவனுக்குப் பிடித்தமாதிரி சர்க்கரை தூக்கலாக. தண்ணீரிலிருந்து வருகிறவன் நடுங்கிக்கொண்டுதான் வருவான். மதியம் பன்னிரண்டுக்குக் கேஸ் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, முக்காலியில் உட்கார்ந்தாள். அனலைசரைப் போட்டு மேசையில் வைத்தாள், ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று. அறைக்காற்றின் ஆக்ஸிஜனுக்கு அது எப்போதும் காட்டும் எண்ணைக் காட்டியது. இருபது புள்ளி ஒன்பது. உலகத்தில் எந்த அறையிலும் அதுதான்.

முள் ஒருமுறை நீளமாக இறங்கியது. நின்றது.

அதன் பிறகு அசையவில்லை. ஒரு மணி. இரண்டு மணி. ஆறு மணிக்கு வர வேண்டிய இழுப்பு வரவில்லை. சிலிண்டர் இனித் தேவையில்லை. மேலே வந்துவிட்டான்.

அறை அமைதியாக இருந்தது. வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் போயிற்று. ரப்பர் வாசனைக்கும் எண்ணெய் வாசனைக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்தது. ஈரக்கல். வெயில் படாத தண்ணீர். நெடுநாள் மூடியிருந்த கிணற்றைத் திறந்தால் வருவதுபோல. கணுக்காலில் குளிர் பட்டது.

“தவளை?” என்றாள்.



அனலைசரைப் பார்த்தாள். இருபது புள்ளி எட்டு.

சிறிய அறை. சாத்திய கதவு. நான்தான் மூச்சு விடுகிறேன், அதனால்தான் குறைகிறது என்று சொல்லிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். தம்பியோடு சின்ன வயதில் போட்டி போட்டுப் பிடித்ததுபோல, மூக்கைப் பொத்தி, கண்களை எண்ணில் வைத்துக்கொண்டு. பத்து வினாடி. இருபது. காதுக்குள் ரத்தம் இடித்தது.

இருபது புள்ளி ஐந்து.

முப்பது வினாடி.

இருபது புள்ளி ஒன்று.

அவள் மூச்சு விடவில்லை.

யாரோ விட்டார்கள்.

அவள் எழுந்தாள். திரும்பவில்லை. பின்பக்கமாகவே நடந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகு கதவில் முட்டியது. கை தாழ்ப்பாளைத் தேடியது. வெளியே வந்தாள். இழுத்து மூடினாள். பூட்டினாள்.

அந்தக் கதவின் மேல்பாதியில் நீளமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. கூடத்தின் எதிர்ச்சுவரில் சாய்ந்து அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசை தெரிந்தது, மடித்த துண்டுகள் தெரிந்தன, பிளாஸ்க் தெரிந்தது. யாரும் இல்லை.

பிறகு கண்ணாடியின் உட்பக்கம் மங்கியது. உள்ளங்கையைவிடப் பெரிய ஈரவட்டம் ஒன்று மெல்லப் பூத்து, மெல்லச் சுருங்கி, மறைந்தது. பதினைந்து வினாடி கழித்து மறுபடி பூத்தது. அவசரமில்லாத மூச்சு.

அது கதவு நிலையின் மேற்கட்டையை ஒட்டினாற்போல இருந்தது. நாற்காலி போட்டு ஏறினால்தான் அவளுக்கே எட்டும் இடம். தம்பி அவளைவிடக் குள்ளம்.

அவள் வீட்டை விற்கவில்லை. பூட்டைத் திறக்கவில்லை. அறையின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்க்கிறாள். ஈரவட்டம் நிமிடத்துக்கு நான்கு முறை வருகிறது, போகிறது. அவள் அதைப் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே, தன் தோளுயரத்தில், தம்பியின் முகம் வர வேண்டிய இடத்தைப் பார்க்கிறாள்.

அங்கே கண்ணாடி உலர்ந்தே இருக்கிறது.